எந்தப் படை நம்பர் ஒன்? மினியேச்சர் போர் விளையாட்டின் தரவரிசையைப் படிப்பது எப்படி

சின்னப் பொம்மைப் படைகளை மேசையில் மோதவிடும் மினியேச்சர் போர் விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எந்தப் படை வாங்கினால் ஜெயிக்கலாம்? நியாயமான கேள்வி. ஒரு படையைச் சேர்க்கக் காசு ஆகும். ஒட்டிப் பெயிண்ட் அடித்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். கேட்டவுடன் யாராவது ஒரு டியர் லிஸ்ட்டை, அதாவது படைகளைப் பலத்தின்படி அடுக்கிய தரவரிசைப் பட்டியலை, எடுத்து நீட்டுவார்கள். மேலே எஸ், அதற்குக் கீழே ஏ, பி, சி, டி என்று வரிசை. உங்களுக்குப் பிடித்த படை டி வரிசையில் கிடந்தால் மனசு விட்டுப்போகும். அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது, அதிலுள்ள எண்களுக்கு என்ன பொருள், மதுரையில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் நாலைந்து பேர் கூடி ஆடும் மேசைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று அடியிலிருந்து பார்ப்போம்.

உதாரணத்துக்கு வார்ஹாமர் 40,000 விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் இருக்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1987-இல் வெளியிட்டது. இதன் பத்தாம் பதிப்பு 2023 ஜூனில் வந்தது. கீழே வரும் விதிகள் அந்தப் பதிப்பை ஒட்டியவை. ஆட்டம் சுருக்கமாக இப்படி: இரண்டு பேர், போட்டிகளில் வழக்கமாக ஆளுக்கு 2,000 பாயிண்ட் மதிப்புள்ள பொம்மைப் படை, 60 அங்குல நீளமும் 44 அங்குல அகலமும் கொண்ட மேசை, ஐந்து சுற்று. இன்ச் டேப்பால் அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சுட வேண்டும். ஸ்பேஸ் மரீன்ஸ், ஆர்க்ஸ், எல்டாரி, நெக்ரான்ஸ், டிரானிட்ஸ் என்று இருபதுக்கும் மேற்பட்ட படைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி விதி, தனிக் குணம்.

புலிக்கு எத்தனை ஆடு?

சமமில்லாத இரண்டு தரப்பை மோதவிட்டு ரசிப்பது நமக்குப் பழகிய விஷயம். ஆடு புலி ஆட்டத்தில் ஒரு பக்கம் 3 புலி, இன்னொரு பக்கம் 15 ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆடு வெட்டாது; சூழ்ந்து நின்று வழியை அடைக்கும். பழைய கோயில் மண்டபங்களின் கல்தரையில் அந்தக் கோடுகளை இன்றும் பார்க்கலாம். 3-க்கு 15 என்ற கணக்கு தலைமுறை தலைமுறையாக ஆடி ஆடி நிலைத்தது. ஒரு புலியைக் கூட்டினாலோ நாலு ஆட்டைக் குறைத்தாலோ ஆட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

வார்ஹாமரில் இந்தச் சிக்கல் பல மடங்கு பெரியது. இருபதுக்கும் மேற்பட்ட தரப்புகளில் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் மோதியாக வேண்டும். ஒரு புலிக்கு எத்தனை ஆடு சமம் என்ற கணக்கை ஒவ்வொரு பொம்மைக்கும் போட வேண்டும். அந்தக் கணக்குக்குத்தான் பாயிண்ட் என்று பெயர். புலிப்பக்கத்தின் உச்சம் இம்பீரியல் நைட்ஸ்: கட்டடம் உயரத்துக்கு நடந்து வரும் இயந்திரங்கள், படை முழுவதையும் விரல் விட்டு எண்ணி முடித்துவிடலாம் என்கிற அளவுக்குக் கொஞ்சம் பொம்மைகள். ஆட்டுப்பக்கம் ஆர்க்ஸ்: மலிவான பச்சை முரடர்களை மேசை நிறைய இறக்கலாம்.

பாயிண்ட் எவ்வளவு கவனமாகப் போட்டாலும் தோராயம்தான். காரணம், ஒரு பொம்மையின் மதிப்பு அதன் துப்பாக்கியிலும் கவசத்திலும் மட்டும் இல்லை. அது எந்தப் படையில் இருக்கிறது, அந்தப் படைக்கு என்ன பொதுவிதி இருக்கிறது என்பதும் சேர்ந்ததுதான் மதிப்பு. ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். சில படைப்பிரிவுகள் ஆட்டத்தின் நடுவே வானத்திலிருந்து இறங்கும். எதிரியிடமிருந்து 9 அங்குலத்துக்கு மேல் தள்ளித்தான் இறங்க முடியும். இறங்கிய கையோடு பாய்ந்து தாக்க வேண்டுமானால் இரண்டு பகடையும் சேர்ந்து 9 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இரண்டு பகடைக்கு 36 விதமான விழுகை. அதில் 9 நாலு விதமாகவும், 10 மூன்று விதமாகவும், 11 இரண்டு விதமாகவும், 12 ஒரே விதமாகவும் விழும். மொத்தம் 10. அதாவது கிட்டத்தட்ட 28 சதவீத வாய்ப்பு. நாலு தடவை பாய்ந்தால் ஒரு தடவை போய்ச் சேரும். இப்போது அதே பிரிவு இருக்கும் படைக்கு, 'தாக்குதல் பகடை தவறினால் இன்னொரு முறை உருட்டலாம்' என்று ஒரே ஒரு வரி விதி இருந்தால்? இரண்டு முறையும் தவற வாய்ப்பு 52 சதவீதம். போய்ச் சேரும் வாய்ப்பு 48 சதவீதம் ஆகிவிடும். பாயிண்ட் அதேதான், பொம்மை அதேதான். ஒரு வரி விதி அதன் மதிப்பை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிவிட்டது. இப்படிப்பட்ட வரிகள் ஒவ்வொரு படைக்கும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அவற்றையெல்லாம் முன்கூட்டியே எடைபோட்டுச் சரியான பாயிண்ட் போட யாராலும் முடியாது. எங்கே பிசகியிருக்கிறது என்று ஆடிய பிறகுதான் தெரியும். படைகளைத் தரவரிசைப்படுத்துவது அந்தப் பிசகைத் தேடும் வேலை.

வெற்றி விகிதம் என்ற முதல் எண்

டியர் லிஸ்ட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் தன் அனுபவத்தை வைத்துப் போடும் வரிசை. இன்னொன்று, போட்டிகளின் முடிவுகளைத் திரட்டி எண்களால் போடும் வரிசை. முதல் வகையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். புதிய விதிப்புத்தகம் வந்த முதல் வாரத்தில் எண்களே இருக்காது. அப்போது ஒரு நல்ல ஆட்டக்காரரின் கண்தான் துணை. ஆனால் புதியவர்கள் தடுமாறுவது இரண்டாவது வகையில்தான். எண் என்றாலே அது உண்மை என்று ஒரு மயக்கம் நமக்கு உண்டு.

எல்லோரும் முதலில் பார்ப்பது வெற்றி விகிதம். ஒரு படை 100 ஆட்டம் ஆடி 52 ஜெயித்தால் 52 சதவீதம். ஒரே படை இரண்டு பக்கமும் நின்று ஆடிய ஆட்டங்களை இதிலிருந்து கழித்துவிட வேண்டும். ஸ்பேஸ் மரீன்ஸ் ஸ்பேஸ் மரீன்ஸோடு மோதினால் எப்படியும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி. அதைச் சேர்த்தால் எண் 50 பக்கம் இழுபடும். நிறைய பேர் ஆடும் படைக்கு இந்த இழுப்பு இன்னும் அதிகம். எல்லாப் படையும் 45-க்கும் 55-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பதைக் கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பே இலக்காக அறிவித்திருக்கிறது. அந்தப் பட்டைக்கு மேலே போனால் சந்தேகம், கீழே போனால் பரிதாபம்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். எத்தனை ஆட்டத்தை வைத்து அந்த விகிதம் போட்டார்கள்?

ஒரு வார இறுதியில் உலகம் முழுவதும் நடந்த போட்டிகளில் ஒரு படை 50 ஆட்டம் ஆடி 28 ஜெயித்தது என்று வையுங்கள். 56 சதவீதம். பட்டியலில் 'எஸ்' வரிசையில் ஏற்றிவிடுவார்கள். ஆனால் பழுதில்லாத ஒரு நாணயத்தை 50 முறை சுண்டினாலும் 28 தலை விழுவது சர்வ சாதாரணம். 50 ஆட்டத்துக்குப் பிழைவரம்பு மேலும் கீழும் ஏறத்தாழ 14 சதவீதப் புள்ளி. அந்த 56-இன் உண்மையான மதிப்பு 42-ஆகவும் இருக்கலாம், 70-ஆகவும் இருக்கலாம். 100 ஆட்டம் என்றால் வரம்பு 10. 400 ஆட்டம் என்றால் 5. 1,600 ஆட்டம் என்றால் இரண்டரை. ஆட்டத்தை நாலு மடங்காக்கினால்தான் பிழை பாதியாகும். 45-லிருந்து 55 வரை உள்ள பட்டையே மொத்தம் 10 புள்ளிதான். அதற்குள் ஒரு படை எங்கே இருக்கிறது என்று சொல்ல 50 ஆட்டம் போதவே போதாது.

இன்னொன்றும் உண்டு. இருபது படையும் அப்பட்டமாகச் சமம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 95 சதவீத நம்பகத்தில் போட்ட வரம்பு என்றால், சராசரியாக இருபதில் ஒன்று வெறும் அதிர்ஷ்டத்தால் வரம்பைத் தாண்டி நிற்கும். வாராவாரம் ஏதாவது ஒரு படை 'திடீரென்று எழுச்சி' பெறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் கருத்து. அந்த எழுச்சியை நம்பிக் கடைக்கு ஓட வேண்டாம். ஒரு மாதம், இரண்டு மாதம் அதே படை அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

ஒரே 50, இரண்டு கதை

ஆட்ட எண்ணிக்கை போதுமான அளவு இருக்கிறது, விகிதம் 50 என்று வந்திருக்கிறது. அப்போதும் கதை முடியவில்லை.

முதல் படையை 10 பேர் ஆடுகிறார்கள், ஆளுக்கு 10 ஆட்டம். பத்துப் பேரும் ஆளுக்கு 5 ஜெயிக்கிறார்கள். 100-க்கு 50. இரண்டாவது படையையும் 10 பேர் ஆடுகிறார்கள். அதில் கைதேர்ந்த 2 பேர் ஆளுக்கு 9 ஜெயிக்கிறார்கள். மற்ற 8 பேர் ஆளுக்கு 4 ஜெயிக்கிறார்கள். 18-ம் 32-ம் சேர்ந்து அதே 50. காகிதத்தில் இரண்டும் ஒன்று. மேசையில் இரண்டும் வேறு வேறு. முதல் படை எல்லோருக்கும் நடுத்தரமாக வேலை செய்யும். இரண்டாவது படை கற்றுக்கொள்ளக் கஷ்டம், ஆனால் கற்றவர் கையில் கத்தி. நோஞ்சான் உடம்போடு மறைந்து மறைந்து ஆட வேண்டிய ஜீன்ஸ்டீலர் கல்ட்ஸ் போன்ற படைகள் இந்த இரண்டாவது வகை என்று பரவலாகப் பேசப்படும். ஸ்பேஸ் மரீன்ஸுக்கு நேர் எதிரான சங்கடம். அறிமுகப் பெட்டியில் வருவது அவர்கள், கடையில் எளிதாகக் கிடைப்பது அவர்கள், அதனால் முதல் போட்டிக்கு வரும் புதியவர்களில் நிறைய பேர் அவர்களோடுதான் வருவார்கள். புதியவர் தோற்பது இயல்பு. அந்தத் தோல்வியெல்லாம் படையின் கணக்கில் ஏறும்.

இதைச் சரிசெய்யத்தான் இன்னொரு எண்ணைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்: ஒரு ஆட்டமும் தோற்காமல் போட்டியை முடித்தவர்களில் இந்தப் படை எத்தனை பங்கு? மொத்த ஆட்டக்காரர்களில் எத்தனை பங்கு? ஆடுகிறவர்களில் நூற்றுக்கு 5 பேர் எடுத்து வரும் படை, தோற்காதவர்களில் நூற்றுக்கு 10 பேரிடம் இருந்தால் அதில் ஏதோ பலம் இருக்கிறது. வெற்றி விகிதம் சாமானியர் கையில் படை எப்படி என்று சொல்லும். இந்த எண் வல்லவர் கையில் எப்படி என்று சொல்லும். எனக்கு ஒரே எண் மட்டும் தருவேன் என்றால் இரண்டாவதைத்தான் கேட்பேன்.

போட்டி நடத்தும் முறையும் விகிதத்தை வளைக்கிறது. பெரும்பாலான போட்டிகள் சுவிஸ் முறையில் நடக்கும். ஜெயித்தவர் அடுத்த சுற்றில் ஜெயித்தவரோடு, தோற்றவர் தோற்றவரோடு. 32 பேர், 5 சுற்று என்றால் கடைசியில் தோற்காமல் நிற்பவர் ஒருவர். பலமான படை முதல் இரண்டு சுற்றில் எளிதாக ஜெயித்து, அப்புறம் தன்னைப் போன்ற பலசாலிகளோடு முட்டிக்கொள்ளும். பலவீனமான படை கீழே இறங்கி, தன்னைப் போன்றவர்களை ஜெயிக்கும். ஆகவே இரண்டின் விகிதமும் 50-ஐ நோக்கி நகரும். 55 என்று பட்டியலில் தெரியும் படையின் உண்மைப் பலம் அதற்கும் கொஞ்சம் மேலே என்று எடுத்துக்கொள்ளலாம்.

எதிரே நிற்பவர் யார்?

இங்கிருந்துதான் 'மெட்டா' என்ற சொல் வருகிறது. ஒரு வட்டாரத்தில், ஒரு காலத்தில், யார் யார் என்னென்ன படை எடுத்து வருகிறார்கள் என்ற மொத்தக் கலவையை மெட்டா என்கிறார்கள்.

பெரிய கவசத்தைத் துளைக்கும் பீரங்கிகள் நிறைந்த ஒரு படையை எடுத்துக்கொள்ளுங்கள். நைட்ஸ் எதிரே நின்றால் அதற்குக் கொண்டாட்டம். ஒவ்வொரு குண்டும் பெரிய இயந்திரத்தைக் கிழிக்கும். ஆர்க்ஸ் எதிரே வந்தால் திண்டாட்டம். இந்த விளையாட்டில் ஒரு குண்டு ஒரு பொம்மையைத்தான் வீழ்த்தும். மிஞ்சிய சேதம் பக்கத்திலிருப்பவனுக்குப் போகாது. ஏழு சேதம் கொடுக்கும் குண்டு, ஒரு அடி வாங்கினால் விழும் ஆளைத் தாக்கினால் ஆறு சேதம் காற்றோடு போச்சு.

இந்தப் பீரங்கிப் படை நைட்ஸை நூற்றுக்கு 65 முறை ஜெயிக்கும், ஆர்க்ஸை 40 முறை ஜெயிக்கும் என்று வைப்போம். கணக்குக்காகச் சொல்லும் எண்கள்தான். ஒரு ஊரில் எதிராளிகளில் 60 சதவீதம் நைட்ஸ், 40 சதவீதம் ஆர்க்ஸ். 65-இல் 60 சதவீதம் 39. 40-இல் 40 சதவீதம் 16. மொத்த விகிதம் 55. இன்னொரு ஊரில் நைட்ஸ் 20 சதவீதம், ஆர்க்ஸ் 80 சதவீதம். 13-ம் 32-ம் சேர்ந்து 45. அதே படை, அதே பாயிண்ட், அதே ஆட்டக்காரர். ஒரு ஊரில் உச்சியில், இன்னொரு ஊரில் அடியில்.

உலகத் தரவரிசை என்பது பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடக்கும் போட்டிகளின் கலவை. நம் ஊர் மேசையில் அந்தக் கலவை இருக்காது. மதுரையில் நாலைந்து பேர் ஆடும் குழுவில் இரண்டு பேர் நெக்ரான்ஸ் வைத்திருந்தாலே அது பெரும்பான்மை. நீங்கள் யோசிக்க வேண்டியது நெக்ரான்ஸை எப்படிச் சமாளிப்பது என்பதைத்தான். கலிஃபோர்னியாவில் எந்தப் படை கொடிகட்டிப் பறக்கிறது என்று தெரிந்து ஆகப்போவது கொஞ்சம்தான். தவிரவும், பட்டியலில் முதலிடம் பிடிக்கும் படை அப்படியே மொத்தமாக முதலிடத்தில் இல்லை. அந்தப் படையின் ஒரு குறிப்பிட்ட டிட்டாச்மெண்ட் (படைக்கென்று ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் கூடுதல் விதித்தொகுப்பு), அதில் ஒரு குறிப்பிட்ட பொம்மைச் சேர்க்கைதான் அந்த இடத்தைப் பிடித்தது. அந்தப் பொம்மைகள் நம்மூரில் யாரிடமும் இல்லாதபோது அந்த முதலிடத்துக்கு இங்கே பொருள் குறைவு. வேறு பொம்மையை அதற்குப் பதிலாக நிறுத்திக்கொள்ளலாமா என்று குழுவில் முன்பே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

மேசையும் ஆடும்

எதிரியைக் கொன்று குவித்தவர்தான் ஜெயிப்பார் என்று புதியவர்கள் நினைப்பது வழக்கம். பத்தாம் பதிப்பில் அதிகபட்ச மதிப்பெண் 100. மேசையில் குறித்த இடங்களைக் கைப்பற்றி வைத்திருப்பது போன்ற முதன்மைப் பணிக்கு 50, துணைப் பணிகளுக்கு 40, படை முழுவதும் பெயிண்ட் அடித்திருந்தால் 10. கடைசிச் சுற்றில் ஒருவரிடம் இரண்டே பொம்மை மிஞ்சி, மதிப்பெண்ணில் அவரே முன்னால் நிற்பது அடிக்கடி நடக்கும். ஆடு புலியை அடைப்பது போலத்தான், வெட்டாமலேயே ஜெயிக்கலாம். அதனால் வேகமாக ஓடி இடம் பிடிக்கும் படைக்குத் தரவரிசையில் எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

அப்புறம் டெரெயின், அதாவது மேசையில் வைக்கும் குன்று, சுவர், இடிபாடு போன்ற மறைப்புகள். தரவரிசைக்கு இதைவிடப் பெரிய காரணம் வேறொன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை. பெரிய போட்டிகளில் கட்டட இடிபாடுகளை எங்கெங்கே வைக்க வேண்டும் என்று வரைபடமே உண்டு. வெளிவரும் எண்கள் எல்லாம் அப்படி அடர்த்தியாக மறைப்பு வைத்த மேசைகளில் கிடைத்தவை. நம் வீட்டு மேசையில் நாலு அட்டைப்பெட்டியும் ஒரு பிளாஸ்டிக் மரமும் இருந்தால், ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை தடையில்லாமல் சுடலாம். அங்கே தூரத்திலிருந்து சுடும் டாவ் படைதான் எப்போதும் முதலிடம். கைகலப்புக்கு ஓடி வரும் படை பாதி மேசையைத் தாண்டுவதற்குள் கரைந்துவிடும்.

எங்கள் மேசையில் இதைக் கண்ணால் பார்த்தோம். நடுவில் யானைமலை மாதிரி நீளமாகச் செதுக்கிய ஒரு தெர்மோகோல் குன்றை வைத்தோம். இரண்டு பக்கமும் 'ட' எழுத்து வடிவில் அட்டைச் சுவர்கள். பிவிசி குழாய்த் துண்டுகளை நிறுத்தி, சுண்ணாம்பு நிறம் பூசி, மகால் தூண்களைப் போல ஒரு வரிசை. பகடையும் பாயிண்ட்டும் மாறவில்லை. ஆனால் அதுவரை அடிவாங்கிக்கொண்டிருந்த ஆர்க்ஸ் அந்தக் குன்றுக்குப் பின்னால் ஒளிந்து வந்து, மூன்றாம் சுற்றில் கைகலப்பில் நுழைந்தார்கள். சுடும் படைக்காரர் அதன் பிறகுதான் தன் ஆட்களை எங்கே நிறுத்துவது என்று உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தார். ஆட்டம் இரண்டு பேருக்கும் சுவையானது. உங்கள் குழுவில் ஒரே படை ஜெயித்துக்கொண்டிருக்கிறது என்றால், படையை மாற்றுவதற்கு முன்னால் மேசையை மாற்றிப் பாருங்கள்.

நேரமும் ஒரு காரணம். போட்டியில் ஒரு ஆட்டத்துக்கு ஏறத்தாழ மூன்று மணிநேரம். செஸ் கடிகாரம் வைத்து ஆளுக்குப் பாதி என்று பிரிப்பதும் உண்டு. நூற்றுக்கு மேல் பொம்மைகளை நகர்த்த வேண்டிய ஆர்க்ஸ் ஆட்டக்காரர் திணறுவார். ஆறேழு இயந்திரங்களை நகர்த்தும் நைட்ஸ் ஆட்டக்காரருக்கு நேரம் மிஞ்சும்.

பட்டியல் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 2021-லிருந்து பேலன்ஸ் டேட்டாஸ்லேட் என்ற பெயரில் திருத்தங்களை வெளியிட்டு வருகிறது. அதோடு பாயிண்ட் பட்டியலும் சில மாதங்களுக்கு ஒரு முறை மாறும். பலத்தைக் குறைத்தால் நெர்ஃப், கூட்டினால் பஃப். 150 பாயிண்ட் வண்டி 165 ஆனால் பெரிதாகத் தெரியாது. ஆனால் படையில் அந்த வண்டி மூன்று இருந்தால் 45 பாயிண்ட் கூடிவிடும். 2,000-க்குள் அடக்க ஒரு சிறிய பிரிவை வெளியே எடுக்க வேண்டும். பெரும்பாலும் வெளியே போவது மூலையில் உட்கார்ந்து இடத்தைக் காத்துக்கொண்டிருந்த பிரிவுதான். அடி விழுந்தது வண்டிக்கு, வலி தெரிவது மதிப்பெண்ணில்.

பத்தாம் பதிப்பின் தொடக்கத்தில் எல்டாரி நடத்திய ஆட்டம் இதற்கு நல்ல பாடம். ஆட்டம் தொடங்கும் முன்பே கொஞ்சம் பகடைகளை உருட்டி ஓரமாக வைத்துக்கொண்டு, வேண்டிய நேரத்தில் அதில் ஒன்றை எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் விதி. அவர்களிடம் ரெய்த்நைட் என்ற பெரிய இயந்திரம். அதன் பீரங்கிக்கு, காயப்படுத்தும் பகடையில் 6 விழுந்தால் எதிரியின் கவசமே உதவாது என்று இன்னொரு விதி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் பரவாயில்லை. சேர்த்தால், ஓரமாக வைத்த 6-ஐ எடுத்துப் போட வேண்டியதுதான், எதிரே நிற்பது எதுவானாலும் காலி. பகடை விளையாட்டில் பகடையே தேவையில்லாமல் போனது. பாயிண்ட்டை ஏற்றினார்கள், அதே ஆண்டு செப்டம்பரில் வந்த டேட்டாஸ்லேட்டில் கவசத்தைத் தாண்டும் அந்த விதியையே எல்லாப் படைக்குமாக மாற்றி எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2022-இல், லீக்ஸ் ஆஃப் வோட்டான் என்ற புதிய படை வந்தபோது இன்னும் வேகம். விதிகளைப் படித்த ஆட்டக்காரர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்ப, விதிப்புத்தகம் தனியாகக் கடைக்கு வருவதற்கு முன்பே பாயிண்ட்டை ஏற்றிவிட்டார்கள். அந்தப் படைக்கு ஆட்டத்துக்கு முன்பே தரவரிசை கிடைத்தது.

பட்டியலைப் பார்க்கும்போது தேதியைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான். கடைசித் திருத்தத்துக்கு முந்தைய பட்டியல் என்றால் அதை வரலாறாகப் படிக்கலாம், வாங்குவதற்குப் பயன்படாது.

அப்போ எதை வாங்குவது?

எங்கள் மேசைக்கு வந்த கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, நைட்ஸ் இப்ப மேல இருக்காமே, பொம்மையும் கம்மி. அதையே எடுத்துரவா?"

"எடுக்கலாம் தம்பி. ஆனா பீரங்கி இல்லாத ஆளு எதிர்ல உட்கார்ந்தா, அவருக்கு மூணு மணிநேரமும் செய்ய வேலையே இருக்காது. அடுத்த வாரம் நீ கூப்பிட்டா அவர் வரணும்ல?"

சின்ன குழுவில் இது பெரிய விஷயம். நைட்ஸ் மாதிரியான படைகளுக்குத் தரவரிசையிலும் ஒரு விசித்திரம் உண்டு. தயாராக இல்லாதவர்களை வரிசையாக ஜெயித்து நல்ல விகிதம் காட்டும். உயர்ந்த மேசைகளுக்குப் போனால், அங்கே எல்லோரும் கவசத்தைத் துளைக்கும் ஆயுதத்தோடு வந்திருப்பார்கள். கோப்பையை அவ்வளவு எளிதில் தராது. வெற்றி விகிதத்தையும் தோற்காதவர் பங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இந்தக் குணம் தெரிந்துவிடும்.

என் யோசனை இதுதான். எந்தப் படையின் உருவமும் கதையும் உங்களை இழுக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். அது டி வரிசையில் இருந்தால் கவலை வேண்டாம். சில மாதத்தில் திருத்தம் வரும், உங்கள் பெயிண்ட் வேலை அதற்குள் பாதிகூட முடிந்திருக்காது. மதுரை வெயிலில், பெயிண்ட்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சான ப்ரைமர் ஸ்ப்ரே அடிக்க விடியற்காலையை விட்டால் நேரமில்லை. கத்திரி வெயிலில் மதியம் மொட்டைமாடியில் அடித்தால் பொம்மை மேல் படுவதற்கு முன்பே பெயிண்ட் காற்றில் காய்ந்து, மேற்பரப்பு மணல் ஒட்டியது போல ஆகிவிடும். இத்தனை பாடுபட்டுத் தயாராகும் படை உங்களுக்குப் பிடித்த படையாக இருப்பது நல்லது. 2,000 பாயிண்ட்டையும் ஒரே மூச்சில் வாங்காதீர்கள். 500 பாயிண்ட், அப்புறம் 1,000 என்று ஏறுங்கள். ஆனால் சின்ன ஆட்டத்தில் தரவரிசை முற்றிலும் வேறு என்பதை நினைவில் வையுங்கள். 500 பாயிண்ட் ஆட்டத்தில் ஒரே ஒரு பெரிய இயந்திரத்தைச் சமாளிக்க எதிராளியிடம் ஆயுதமே இருக்காது. பெரிய இயந்திரம் வேண்டாம் என்று அந்த அளவு ஆட்டத்துக்கு இரண்டு பேரும் பேசிக்கொள்ளலாம்.

ஒரு வேலையை மட்டும் முதல் நாளிலிருந்தே செய்யச் சொல்வேன். குழுவுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, இரண்டு படை, இரண்டு டிட்டாச்மெண்ட், எத்தனை பாயிண்ட் ஆட்டம், யார் முதலில் ஆடினார், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மதிப்பெண். சதவீதம் போட வேண்டாம். நாலைந்து பேர் ஒரு வருடம் ஆடினாலும் அதற்கு ஆட்டம் போதாது. சுற்றுவாரியான மதிப்பெண்ணைப் பாருங்கள். இரண்டாம் சுற்றிலேயே ஒருவர் 20 புள்ளி முன்னால் போய்விடும் ஆட்டங்கள் தொடர்ந்து வந்தால், அவர் முதலில் ஆடியவரா என்று பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள். ஆம் என்றால் தவறு படையில் இருக்க வாய்ப்பு குறைவு. முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் சுடமுடிகிற அளவுக்கு மேசை திறந்து கிடக்கிறது. அதனால் ஆட்டம் தொடங்கும் முன் மேசையை மேலிருந்து மொபைலில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். குன்றையும் சுவரையும் எந்தப் பக்கம் நகர்த்தியபோது ஆட்டம் ஐந்தாம் சுற்று வரை இழுபறியாகப் போனது என்று அந்தப் படங்களை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.